தாழைமுனைப் பரண்

காலையில் எழுந்ததும் தொபியாஸ் செய்கிற முதல் வேலை வள்ளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். செடிக்கு ஊற்றுவதுபோல வேரைப் பார்த்து ஊற்றிவிட்டுப் போய்விட முடியாது. முன்முனையான அணியத்தில் தொடங்கிப் பின்கோடி வரைக்கும் பலகை பலகையாக நனைய வேண்டும். மரம் காய்ந்தால் இடுக்கு விட்டுவிடும். இடுக்கு விட்ட வள்ளம் இறங்கிய அன்றைக்கே கடலைக் குடித்துவிடும். இருபத்து மூன்றாம் மாடியில் வெயிலும் காற்றும் சும்மா இருப்பதில்லை என்பதால் ஒரு நாள் தவறாமல் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மாடிமேல் மாடியாக ஒரு ஊரையே அடுக்கிய அந்த அடுக்கூரில் எல்லார் வீட்டுப் பால்கனியிலும் ஒரு வள்ளம் கிடந்தது. பால்கனியின் நீளம் போதாமல் இரு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கட்டடம் முழுக்க மீன் மாட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கடல் அங்கிருந்து அரை நாள் பயணம்.

"ஏ தொபியாசு, ஒங் கடலு எம் போர்வைல வடியுது."

இருபத்திரண்டாம் மாடியிலிருந்து குரல் வந்தது. வெரோணி, தொபியாஸின் இறந்துபோன அண்ணனின் மனைவி. அவளுக்கு இது தினப்படி ஜெபம் மாதிரி.

"வடியட்டும் மைனி. உப்பில்லாத கடலு, கறை புடிக்காது."

"உப்பில்லாத கடலு, மீனில்லாத வள்ளம், வேலையில்லாத கொழுந்தன். நல்ல குடும்பத்துல வந்து விழுந்தேன்."

சமையலறையில் அவன் மனைவி மெற்றில்டா சிரிப்பதும், கூடவே சூசை சிரிப்பதும் கேட்டது. சூசை சிரிக்கக் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அதனால் இரண்டு சிரிப்பும் ஒன்றுபோல இருக்கும்.

சூசை ஓர் இயந்திரம். அதைச் சொல்லுமுன் தாழைமுனையைச் சொல்ல வேண்டும்.

தாழைமுனை ஒரு கடற்கரை ஊர். அதன் தெற்கோரத்தில் ஓர் அணுவுலை இருந்தது. அது மூடப்பட்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. உலகம் முழுக்க அந்த மாதிரி நானூறு உலைகள் வயதாகி, ஆயுளை நீட்டி, மறுபடியும் நீட்டி, கடைசியில் மூச்சு நின்று உட்கார்ந்திருந்தன. கட்டுகிற காலத்தில் ரிப்பன் வெட்டப் பெரிய மனிதர்கள் பலர் வந்திருந்தார்கள். பிரிக்கிற காலத்தில் யார் வருவார்கள் என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூடிய பிறகு எல்லா நாடுகளிலும் ஒரே பேச்சுதான் நடந்தது. உள்ளே சூடாக இருக்கிறது, கதிர் அடங்கவில்லை, கொஞ்ச காலம் ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாலை ஆற வைத்துவிட்டு மறந்துபோகிற மாதிரி அதை மறந்தார்கள். அந்தப் 'பிறகு' வந்து விழுந்தது மெற்றில்டா காலத்தில்.

பிரிக்கும் வேலை முடியும் வரை பக்கத்தில் மனிதர்கள் இருக்கக் கூடாது என்று சொல்லி, ஊரையே கிளப்பி உள்நாட்டில் இந்த அடுக்கூரைக் கட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் மாடியில் கோயில். திருவிழாவுக்குச் சப்பரத்தை லிஃப்டில் ஏற்றி மாடி மாடியாக நிறுத்தி மாலை போடுவார்கள். ஒரு வாக்கும் கொடுத்திருந்தார்கள். உலை முழுதாகப் பிரிந்து, ஓய்வுச் சான்று கிடைக்கிற அன்று கரை மறுபடியும் உங்களுக்கு.

தொபியாஸுக்கு வேண்டியது அந்தக் கரை மட்டும்தான். வள்ளத்தை அங்கே இறக்க வேண்டும். மெற்றில்டாவை அணியத்தில் உட்கார வைத்துத் தாழைமுனையைக் கடலிலிருந்து காட்ட வேண்டும். கலியாணத்தின்போது சொன்ன சொல் அது; நாள் தள்ளித் தள்ளி, நிறைவேறுமுன் ஊரே கிளம்பிவிட்டது. இப்போது அவன் முட்டி மடக்கும்போது சத்தம் போடுகிறது. வள்ளத்துக்கும் வயதாகிறது. எத்தனை ஊற்றினாலும் மரத்துக்கும் ஓர் ஆயுள் உண்டல்லவா.

இப்போது சூசைக்கு வருவோம்.

பழைய உலையைப் பிரிப்பது, கட்டியதைத் தலைகீழாகச் செய்வதல்ல. வரைபடத்தில் ஒரு குழாய் இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று இருக்கும். யாரோ அவசரத்துக்குப் போட்ட ஒட்டு, யாரோ இறுக்கிவிட்டு மறந்துபோன வால்வு, துருவேறிக் கல்லாகிவிட்ட திருகு. இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பொருளைத் தொட்டதும் இது நெகிழுமா, நொறுங்குமா, முதலில் எதைக் கழற்ற வேண்டும் என்று கைக்கே தெரிய வேண்டும். அந்தத் தொடுஅறிவு பழைய பொருள்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களிடம்தான் இருந்தது. ஆகவே பிரிப்பான் என்ற பெயரில் பொறியாளர்கள் செய்த ஒவ்வோர் இயந்திரத்தையும் முதலில் ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பயிற்சித்தாய் என்று பெயர். பிரிப்பானின் அறிவில் எழுதிய கட்டளை ஒரே வரி: இவள் பிரிப்பதுபோலப் பிரி.

ஒரு பிரிப்பானுக்கு அறிவு ஒன்று, உடல்கள் பல. ஓர் உடல் தாயின் வீட்டில் மீன் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே மற்ற உடல்கள் உலைக்குள் இரும்பு நறுக்கும். ஒரு பிரிப்பான் கற்றது உலகத்திலுள்ள எல்லாப் பிரிப்பான்களுக்கும் போய்ச் சேரும்; செய்கிற விதம் மட்டும் அந்தந்த வீட்டு வழக்கப்படி.

மெற்றில்டாவுக்கும் தொபியாஸுக்கும் பிள்ளையில்லை. வீட்டுக்கு வந்த பிரிப்பானுக்கு அவள்தான் சூசை என்று பேர் வைத்தாள். இடுப்பு உயரம், இரண்டு கை, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்கு. அது வந்த நேரம், ஊர் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மெற்றில்டா தன் வீட்டைக் காலி செய்வதைப் பார்த்துத்தான் அது தொழில் கற்றது.

அவள் வேலையில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பொருளையும் இறக்குவாள். முந்தானையால் துடைப்பாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றி, வலை முடிகிறவர்கள் போடுகிற முடிச்சு ஒன்றைப் போட்டு, அதன்மேல் இன்னொரு சுற்று சுற்றி இழுப்பாள். அந்த இரண்டாவது சுற்று அவளுடைய கைவேலை. வேறு யாரும் போடுவதில்லை.

"எம்மா, சட்டி இல்லாத மூடி எதுக்கு?" என்று சூசை கேட்டது.

"சட்டிதான மக்ளே ஒடஞ்சது. மூடி நல்லாருக்குல்லா. கெடக்கட்டும், என்னைக்காச்சும் ஒதவும்."

"இது?"

"அது டிவி வந்த அட்டப்பெட்டி."

"டிவி எங்க?"

"அது போயி ரொம்ப நாளாச்சு."

பைகளைப் பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டாள். எதற்கு உரியது என்று தெரியாத சாவிகளைக் கோத்து முடிந்தாள். கம்பி ஒடிந்த கலியாணக் குடையையும் விடவில்லை. எல்லாம் அடுக்கூர் வீட்டுப் பரணில் ஏறின. ஏற்றிக் கொடுத்த தொபியாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"இம்புட்டையும் ஏத்தியாச்சு. எறக்குறது யாரு?"

"நமக்கப்புறம் சூசை பாத்துக்கிடுவான். நீங்க எறங்குங்க."

சூசையின் விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது. எதையாவது மனத்தில் ஆழமாக வாங்கிக்கொண்டால் அது அப்படித்தான் செய்யும்.

வருடங்கள் போயின. தினமும் மெற்றில்டா கேட்பாள், வேலை எப்படிப் போகுதுன்னு. தினமும் சூசை சொல்லும், நல்லாப் போகுதும்மான்னு. உலைக்குள்ளே மனிதர் போக முடியாது. வெளியே இருப்பவர்களுக்கு எவ்வளவு பிரிந்தது என்ற செய்தி மட்டும் வரும். கால்வாசி பிரிந்தது, பாதி பிரிந்தது என்று வரவர அடுக்கூரில் பாயசம் காய்ச்சினார்கள். கழற்றிய இரும்பில் சுத்தமானது உருக்காலைக்கும் கதிர் ஏறியது ஆழ்நிலச் சுரங்கத்துக்கும் போக வேண்டும் என்பது திட்டம். பிரிந்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். போனதா என்று கேட்கத்தான் ஆளில்லை.

கடைசியில் முழுக்கப் பிரிந்தது என்று செய்தி வந்தது. உலக உலை ஓய்வு அவையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தாள். ஹில்மா என்று பெயர், பனி விழும் வடதேசத்துப் பெண். அவள் சட்டையில் குத்தியிருந்த மொழிமணி அவள் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்லும். அதற்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் யாரோ பெரும்புலவர் போலிருக்கிறது.

கவச உடை போட்டுக்கொண்டு ஹில்மா, பயிற்சித்தாய் என்பதால் மெற்றில்டா, அவளுக்குத் துணை என்று தொபியாஸ், தன்னை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று வெரோணி, நால்வரும் உலையின் குவிமாடத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே சூசையின் பெரிய உடல்கள் வரிசையாக நின்றன. தரை துடைத்த கண்ணாடிபோல இருந்தது. ஹில்மா கையிலிருந்த கதிர்மானியை நாலு மூலையிலும் காட்டினாள். முள் அசையவில்லை.

"அம்மையீர், தங்கள் வளர்ப்பு மகவு இத்தலத்தை மாசறத் துலக்கியுள்ளது" என்றது மொழிமணி.

"என்னட்டி சொல்லுதா இவ?" என்றாள் வெரோணி.

"சூசை நல்லாப் பெருக்கியிருக்கான்னு சொல்லுதாக்கா."

மெற்றில்டாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தொபியாஸ் கவசத்தின் முகக்கண்ணாடிக்குள்ளேயே கண்ணைத் துடைக்கப் பார்த்து, கையைக் கண்ணாடியில் இடித்துக்கொண்டான். அழுகையை மறைக்க முகத்தை மேலே தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மெற்றிலு, மேல பாரு."

குவிமாடத்தின் உட்பக்கம் முழுவதும் பரண். அடுக்கடுக்காக, வளையம் வளையமாக, உச்சி வரைக்கும் பரண். ஒவ்வொரு பரணிலும் ஈயத் துணியில் சுற்றிய மூட்டைகள். அவ்வளவு அழகாகச் சுற்றியிருந்ததால் உள்ளே இருந்த நஞ்சு ஒரு துளிகூட வெளியே கசியவில்லை. பெரிய மூட்டையில் உலையின் வயிறு, துண்டு துண்டாக. பக்கத்திலேயே மூடியில்லாத கலன்கள் ஒரு வரிசை, கலன் இல்லாத மூடிகள் ஒரு வரிசை. திருகாணிகள் பைக்குள் பையாக. ஓடாத சுவர்க்கடிகாரம்கூட இருந்தது. எல்லா மூட்டையிலும் மெற்றில்டாவின் முடிச்சு, அதன்மேல் இரண்டாவது சுற்று.

மெற்றில்டாதான் முதலில் கேட்டாள்.

"என்ன மக்ளே இது?"

"நல்லாருக்குல்லா எம்மா" என்றது சூசை. "ஒண்ணும் வீணாப் போகல. எல்லாம் என்னைக்காச்சும் ஒதவும்."

"இத யாரு எறக்குவா?"

சூசையின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக மங்கின. "ஒங்களுக்கு அப்புறம் நான் பாத்துக்கிடுவேன்னு சொன்னீங்க. எனக்கப்புறம் யாருன்னு சொல்லல. அதான் முடிச்ச மட்டும் நல்லா இறுக்கிப் போட்டேன்."

மெற்றில்டா அந்தப் பெரிய இரும்புக் காலை எட்டித் தொட்டாள்.

ஹில்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் இல்லை அவளிடம். களைப்புதான் இருந்தது. மொழிமணியை அணைத்துவிட்டு, தான் கற்று வைத்திருந்த கொஞ்சத் தமிழில் பேசினாள். "நான் நிறைய உலை பார்த்தேன். எல்லா இடமும் பிரித்தாச்சு. எங்கேயும் ஒன்றும் போகவில்லை. என் ஊரில் வீட்டுக்குக் கீழே அறையில் வைப்பது வழக்கம், அங்கே பிரிப்பான் கீழே வைத்தது. இன்னோர் ஊரில் கார் நிறுத்தும் கொட்டகை. இங்கேதான் துடைத்து வைத்திருக்கிறது."

ஆனாலும் சான்று தர அவளால் முடியவில்லை. அடுத்த ஆய்வுக்குள் இடம் காலியாக வேண்டும். இல்லையென்றால் சூசையின் அறிவை அழித்துவிட்டு வேறொரு பிரிப்பானைப் புதிதாகப் பழக்க வேண்டும், முதலிலிருந்து. அதற்குள் வள்ளம் மண்ணாகிவிடும் என்று தொபியாஸுக்குத் தெரிந்தது. சூசை இருக்காது என்று மெற்றில்டாவுக்குத் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

பொறியாளர்கள் சூசையிடம் பாடம் பாடமாகச் சொல்லிப் பார்த்தார்கள். சுரங்கம் எங்கே இருக்கிறது, எப்படி அனுப்புவது என்றெல்லாம். சூசை பணிவாகக் கேட்டுக்கொண்டது. கேட்டுவிட்டு மறுபடியும் மூட்டைகளைத் துடைத்தது. அதற்கு ஒரே கட்டளைதான், ஒரே ஆசிரியைதான். அவள் செய்து காட்டாததை அதற்குச் செய்யத் தெரியாது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மெற்றில்டா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏங்க, ஏணிய எடுங்க. சூசை, இங்கன வந்து நில்லு. நல்லாப் பாரு."

பரண் இறங்கியது. ஒவ்வொரு முடிச்சையும் அவளே அவிழ்த்தாள். அவிழ்க்குமுன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை தடவிக் கொடுத்ததைச் சூசையும் பார்த்தது, அதையும் கற்றுக்கொண்டது. கலியாணக் குடையை வெளியே வைக்கப் போனவள் இரண்டு முறை உள்ளே எடுத்து வந்தாள். மூன்றாம் முறை தொபியாஸ் அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, விரித்துப் பார்த்து, "இதுக்கடியில நனஞ்சது போதும்ட்டி" என்று சொல்லி வெளியே கொண்டுபோய் வைத்தான். அட்டைப்பெட்டி போயிற்று. சாவிகள் போயின. மாடிப்படிக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் கூடைகளிலும் பாத்திரங்களிலும் நிரப்பி வைத்தாள், குப்பை லிஃப்டுக்காக.

குப்பை லிஃப்ட் வருவதற்குள் அடுக்கூர் வந்துவிட்டது.

"ஏட்டி மெற்றிலு, இந்த மூடியவா தூக்கிப் போடுத? எங்கிட்ட மூடியில்லாத சட்டி ஒண்ணு கெடக்கு" என்று வெரோணி கூடையோடு தூக்கிக்கொண்டாள். இருபதாம் மாடிக்காரர் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "கெடக்கட்டும், என்னைக்காச்சும் ஒதவும்." எல்லாருக்கும் அதே சொல்தான். பொழுது சாயுமுன் படிப்பக்கம் காலி. ஒரு பொருள்கூடக் குப்பைக்குப் போகவில்லை. பரண் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

மெற்றில்டா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சூசையைப் பார்த்தாள். "புரிஞ்சா மக்ளே?"

"புரிஞ்சும்மா" என்றது சூசை. நிஜமாகவே அதற்குப் புரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து அந்தப் பாத்திரங்கள் திரும்பி வந்தன. தாழைமுனைக்காரர்கள் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. அரை மூடித் தேங்காயோ, ஒரு கை உப்போ, வறுத்த நெத்திலியோ உள்ளே இருக்கும். வெரோணியின் கூடையில் இரண்டு முருங்கைக்காயும், அவள் வீட்டில் சும்மா கிடந்த ஒரு சுவர் விளக்கும் இருந்தன. சூசை அந்த விளக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டது.

"இது எதுக்கும்மா? நாம கேக்கலையே."

"கேட்டாத்தானா? பாத்திரத்த வெறுசாத் திருப்பக் கூடாது மக்ளே. குடுத்தவுக மனசு வெறுசாப் போவும்லா."

சூசையின் விளக்கு மங்கி எரிந்தது. அன்று மெற்றில்டா அதைக் கவனிக்கவில்லை. முருங்கைக்காயை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு உலையிலிருந்து வந்த செய்திகள் எல்லாம் நல்ல செய்திகள். பரண் காலியாகிறது. முதல் வளையம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. உலையை ஒட்டிய பழைய துறைமுகமான உலைத்துறையில் ஆளில்லாக் கப்பல்கள் வந்து நின்று, மூட்டை ஏற்றிக்கொண்டு போயின. ஈயத் துணிக்கு மேல் ஈயத் துணி, கப்பலில் மனிதர் கிடையாது, ஆபத்தும் கிடையாது. பொறியாளர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சுரங்கத்துக்குத்தான் போகிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அதிசயம் என்னவென்றால் அதே சமயத்தில் உலகம் முழுக்கப் பிரிப்பான்கள் விழித்துக்கொண்டன. வடதேசத்து நிலவறைகள் காலியாயின. கார்க் கொட்டகைகள் காலியாயின. உலை ஓய்வு அவை எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் ஆய்வு நடத்தியது. நானூறு இடங்களிலும் முள் அசையவில்லை. அணு யுகத்தின் மிச்சம் பூமியின் மேல் ஒரு கைப்பிடிகூட இல்லை என்று அவைத் தலைவர் குரல் தழுதழுக்க அறிவித்தார். அந்த அறிக்கையில் பொய் கிடையாது. அன்றைக்குப் பூமியின் மேல் நிஜமாகவே ஒன்றும் இல்லை. எல்லாம் கடலில் போய்க்கொண்டிருந்தது.

சான்று வந்தது. சூசையின் அறிவு பிழைத்தது. அடுக்கூர் வள்ளங்களை இறக்கியது.

வள்ளங்களைக் கயிறு கட்டி ஒவ்வொரு பால்கனியாக இறக்கியதைத் தாழைமுனைக்காரர்கள் வெகு காலம் பேசினார்கள். தொபியாஸின் வள்ளம் இறங்கும்போது வெரோணி தன் பால்கனியிலிருந்து கை நீட்டி அதன் அடியைத் தடவினாள். "போயிட்டு வா தாயி, எம் போர்வை காயட்டும்" என்றாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கரையில் தாழை அதுவாகவே முளைத்திருந்தது. குவிமாடமும் போய், உலை இருந்த இடம் வெறும் மணல். மெற்றில்டாவைத் தூக்கி அணியத்தில் உட்கார வைக்கத் தொபியாஸ் முயன்றான். முட்டி சத்தம் போட்டது. சூசையின் சின்ன உடல் ஓடி வந்து இருவரையும் தூக்கி வைத்தது. வள்ளம் இறங்கியது. ஒரு துளி உள்ளே வரவில்லை. இத்தனை வருடம் நனைத்த பலகை, கடலைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது அலைக்கு அப்பால் போய், தொபியாஸ் துடுப்பை நிறுத்தினான்.

"திரும்பிப் பாரு மெற்றிலு. சொன்னேம்லா. கடல்லருந்து பாத்தா எப்பிடி இருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மணலும் தாழையும் மக்களும். கல்யாணப் பெண்ணைப் போல வாயைப் பொத்திக்கொண்டாள். "கொஞ்சமாத்தான் இருக்கு. ஆனா நல்லாருக்கு" என்றாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான். வள்ளம் அதுபாட்டுக்கு ஆடியது. அவர்கள் காத்திருந்ததெல்லாம் அந்த ஒரு காலைக்காகத்தான், அது கிடைத்துவிட்டது. அதை யாரும் அவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்தது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. அதன் பின்னால் ஒன்று. அதன் பின்னால் வரிசையாக.

கரைக்கு வந்து சேர்வதற்குள் முதல் கப்பல் உலைத்துறையில் நின்றிருந்தது. சூசையின் பெரிய உடல்கள் ஓடியாடி வரவேற்றுக்கொண்டிருந்தன. தளம் முழுக்க மூட்டைகள். கரும்பச்சைத் துணியில் சுற்றியவை, மரப்பெட்டியில் அடைத்தவை, பனிநாட்டுக் கம்பளி நிறத்தில் சில. ஒவ்வொரு தேசத்து உலையின் உடைசலும் அந்தந்த வீட்டு வழக்கப்படி கட்டி வந்திருந்தது.

"எம்மா" என்று சூசை கூப்பிட்டது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை மெற்றில்டா அதுவரை கேட்டதில்லை. "நீங்க செஞ்ச மாதிரியே செஞ்சேன். பக்கத்து உலைக்காரங்களுக்கெல்லாம் குடுத்தேன். அவுகளும் கெடக்கட்டும், ஒதவும்னு வாங்கிக்கிட்டாக. அவுகளும் அவுக பக்கத்துல குடுத்தாக. இப்பப் பாருங்க, நானூறு கப்பல் போச்சு. ஒரு கப்பல்கூட வெறுசாத் திரும்பல."

தொபியாஸ் துடுப்பை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றான். ஊர்ச்சனம் எல்லாம் மெற்றில்டாவைப் பார்த்தது. அவள் இறக்கி வைத்திருந்த முதல் குவியலுக்குப் போனாள். அந்நியத் துணிகளுக்கு நடுவே பழகிய மூட்டை ஒன்று கிடந்தது. எத்தனை கை மாறி எத்தனை கடல் சுற்றி வந்ததோ, யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. வலை முடிகிறவர்களின் முடிச்சு. அதன்மேல் இரண்டாவது சுற்று.

அவள் அந்த முடிச்சின் மேல் கையை வைத்தாள். நன்றாக, இறுக்கமாகத்தான் இருந்தது.

வெரோணி பக்கத்தில் வந்து நின்றாள். கரைக்குக் குடிவந்த வீட்டுக்குக் கொடுக்க என்று மூடியோடு ஒரு சட்டி கொண்டுவந்திருந்தாள், உள்ளே மீன்குழம்பு. மூடியைப் பார்த்ததும் மெற்றில்டாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடியும்போது இருவர் கண்ணிலும் தண்ணீர்.

"நான் தப்பாச் செஞ்சுட்டனாம்மா?" என்றது சூசை.

மெற்றில்டா அதன் கழுத்து விளக்கை முந்தானையால் துடைத்தாள். "இல்ல மக்ளே" என்றாள். "நாங்க செஞ்சதத்தான் செஞ்ச."

கரையை விட்டு எல்லாரும் மறுபடியும் அடுக்கூருக்கே கிளம்ப வேண்டியிருந்தது. ஆனால் இந்த முறை புறப்படுமுன் மெற்றில்டா மீன்குழம்புச் சட்டியைக் கழுவித் துடைத்து வெரோணி கையில் கொடுத்தாள், வெறுமையாக. வெரோணி உள்ளே பார்த்தாள். கவிழ்த்தும் பார்த்தாள்.

"என்னட்டி, வெறுஞ்சட்டி?"

"ஆமாக்கா. வெறுஞ்சட்டிதான்."

சூசை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விளக்கு வெகுநேரம் மங்கியே இருந்தது. நானூறு உலைகளிலும் நானூறு விளக்குகள் மங்கியிருக்கும். இப்படி வெறுமையாகத் திருப்புவதை அவை எவ்வளவு காலத்தில் கற்றுக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. மனிதர்களுக்கே அது எளிதில் வரவில்லை. வெறுஞ்சட்டி கொடுத்த கோபத்தில் வெரோணி ஒரு வாரம் மெற்றில்டா வீட்டுப் படி ஏறவில்லை.

அடுத்த வாரம் காலையில் தொபியாஸ் எழுந்ததும் பால்கனிக்குப் போய் வள்ளத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். இப்போது பலகையில் உப்பு வாசம் இருந்தது. கீழ்மாடியிலிருந்து சத்தம் வருமென்று காத்திருந்தான். வரவில்லை. குனிந்து பார்த்தான். வெரோணி போர்வையை உள்ளே எடுத்துவிட்டு, சொட்டுகிற இடத்தில் அந்த வெறுஞ்சட்டியை வைத்திருந்தாள்.